தனுஷ்கோடி மணலில் மூன்று கேமராக்கள்

பாம்பன் சாலைப் பாலத்தின் நடுப்பகுதி வந்ததும் எந்த வண்டியும் தானாகவே வேகம் குறைந்துவிடும். பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்தவர்கள்கூட எழுந்து ஜன்னல் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். கார்க்காரர்கள் ஓரம் கட்டி இறங்குவார்கள். போலீஸ்காரர் விசில் ஊதி விரட்டுவார். அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் இன்னொரு கார் வந்து நிற்கும். கைப்பிடிச் சுவரை ஒட்டி நிற்கும் அத்தனை பேர் கையிலும் ஃபோன் இருக்கும். 2025 ஆடி மாதத்தில் நாங்கள் போய் இறங்கியபோது எங்கள் மூன்று பேர் கையில் மட்டும் கேமரா. கழுத்தில் தொங்கும் பெரிய கேமரா என்று நினைத்துவிடாதீர்கள். சட்டைப்பையில் அடங்குகிற, 15 வருடத்துக்கு முன்னால் வீட்டுக்கு வீடு இருந்த சின்ன டிஜிட்டல் கேமரா.

“என்ன சார், ஃபோன் ரிப்பேரா?” என்று பக்கத்தில் நின்ற தம்பி ஒருவர் உண்மையான அக்கறையோடு கேட்டார்.

மூன்றும் மூன்று ரகம். என்னுடையது பயணத்துக்கென்றே செய்த ஜூம் கேமரா. தூரத்துப் படகை இழுத்துப் பக்கத்தில் காட்டும். 12 வருடமாக என்னோடு ஊர் சுற்றுகிறது. அக்கா மகள் கோவையில் கல்லூரியில் படிக்கிறாள். அவளுடையது மெல்லிசான இளஞ்சிவப்பு கேமரா. சென்னை ரிச்சி தெருவில் 3,500 ரூபாய்க்குப் பேரம் பேசி வாங்கினாள். அது கடைக்கு வந்த காலத்தில் அவள் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். மூன்றாவது அக்காவுடையது. சரியாகச் சொன்னால் அத்தானுடையது.

அத்தான் போய் நான்கு வருடம் ஆகிறது. பீரோவை ஒதுங்கவைத்தபோது ஒரு துணிப்பைக்குள் அந்தக் கேமரா கிடைத்தது. உள்ளே 2 ஜி.பி. கார்டு. கார்டில் 212 படங்கள். பெரும்பாலானவை 2009 டிசம்பரில் குடும்பத்தோடு ராமேஸ்வரம், தனுஷ்கோடி போய் வந்தபோது எடுத்தவை. யாரும் பிரின்ட் போடவில்லை, கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை. 16 வருடமாக அந்த ஒரு விரல்நக அளவுத் தகட்டில் மட்டும்தான் இருந்திருக்கின்றன. கார்டு என்பது கல்வெட்டு இல்லை. வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் உள்ளே இருக்கும் மின்னூட்டம் மெல்லக் கசிந்து படங்கள் கெட்டுப்போகலாம். அக்கா மகள் முதல் வேலையாக எல்லாவற்றையும் மூன்று இடத்தில் பிரதி எடுத்துவைத்தாள். உங்கள் வீட்டு பீரோவிலும் இப்படி ஒரு பை இருந்தால், இந்தக் கட்டுரையை நிறுத்திவிட்டுப் போய் அதைச் செய்துவிட்டு வந்து மீதியைப் படிக்கலாம்.

அந்த 212 படங்களில் அத்தான் இருப்பது ஒன்றே ஒன்றில். கேமரா யாருடையதோ அவர் படத்தில் இருக்க மாட்டார் என்பது அந்தக் காலத்துக் குடும்பங்களின் எழுதாத சட்டம். மற்ற படங்களில் அவர் நிழலாக இருக்கிறார். ஒரு படத்தில் மணலில் நீண்டு விழுந்த நிழல், இரண்டு கையையும் முகத்துக்குத் தூக்கியபடி. இன்னொன்றில் லென்ஸின் மூலையில் கறுப்பாக அவர் விரல்.

“அவர் நின்ன எடத்துல நின்னு நானும் எடுக்கணும்டா, இதே கேமராவுல” என்றாள் அக்கா. அதற்காகத்தான் இந்தப் பயணம்.

பாலத்தில் நின்று அவள் எடுத்த முதல் படம் ரயில் பாலம். 2009 படத்தில் இருப்பது பழைய பாலம் மட்டும். 1914-ல் திறந்தது. நடுவில் கப்பல் போக, இரண்டு பக்கமும் கத்தரி போல விரிந்து நிமிரும். அதன் மேல் ரயில் ஊர்ந்துதான் போகும். அப்படி ஊர்ந்துபோன ரயிலைக்கூட அத்தானால் முழுசாகப் பிடிக்க முடியவில்லை, இன்ஜின் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. இந்தக் கேமராக்களின் குணம் அது. பட்டனை அழுத்தினால் ஃபோகஸ் தேடி, வெளிச்சம் அளந்து, பிறகுதான் ‘க்ளிக்’ என்னும். முன்கூட்டியே பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு, ரயில் வந்ததும் மீதியை அழுத்துவதுதான் வழி. இப்போது பக்கத்திலேயே 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம். அதன் நடுப்பகுதி விரியாது. 72.5 மீட்டர் நீளத் துண்டு லிஃப்ட் மாதிரி அப்படியே மேலே போகும். அக்கா பட்டனைப் பாதி அழுத்திக்கொண்டு பத்து நிமிடம் காத்திருந்தாள். ரயில் வரவில்லை, போலீஸ்காரர் வந்தார்.

ராமேஸ்வரத்தில் லாட்ஜில் பையைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனோம். உள்ளே ஃபோன், கேமரா எதற்கும் அனுமதி இல்லை. 1,200-க்கும் மேற்பட்ட தூண்கள் நிற்கும் அந்த மூன்றாம் பிராகாரத்தைக் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு நடப்பது தனி அனுபவம். 22 தீர்த்தமும் ஆடி, சொட்டச் சொட்ட வெளியே வந்தபோது அக்கா மகள், “இது மட்டும் ஃபோட்டோ இல்லாமலே எனக்கு ஞாபகம் இருக்கும் மாமா” என்றாள். வாளித் தண்ணீர் தலையில் விழும் வேகத்தில் யாருக்குத்தான் மறக்கும்?

அவள் ஏன் பழைய கேமராவை வாங்கினாள் என்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன். விடுதியில் அவள் தோழிகள் பலரிடமும் இருக்கிறதாம். பழைய கேமராக்களில் சி.சி.டி. என்ற வகை சென்சார் உண்டு, அதில் வரும் நிறமே தனி என்று பேசிக்கொள்கிறார்கள். எனக்கு இதில் பாதிதான் சம்மதம். நிறத்தில் வித்தியாசம் உண்டுதான். ஆனால், அதைவிடப் பெரிய காரணம் வேறு. இன்றைய ஃபோன் ஒரு படத்துக்குப் பல படங்கள் எடுத்து, இருட்டை வெளுப்பாக்கி, வெளிச்சத்தை அடக்கி, விளிம்புகளைக் கூர்தீட்டி நமக்குத் தருகிறது. பழைய கேமரா ஒரே ஒரு தடவை கண் திறந்து மூடும். வந்தது வந்ததுதான். நிழல் கறுப்பாகவே இருக்கும், வானம் சில சமயம் வெள்ளையாகவே போய்விடும். அதோடு அதன் ஃப்ளாஷ் நிஜமான ஃப்ளாஷ். ஃபோனில் இருப்பது டார்ச் விளக்கு மாதிரி. இதில் இருப்பது கல்யாண வீட்டுப் போட்டோகிராபரின் மின்னலுக்குத் தம்பி. முகம் பளீரென்று வரும், பின்னால் இருட்டு அப்படியே இருக்கும். 20 வயதுப் பிள்ளைகளுக்கு அது பிடிக்கிறது. அவர்களுடைய குழந்தைப்பருவப் படங்கள் எல்லாம் அப்படித்தானே இருக்கின்றன!

ஒரு சின்னக் கணக்கு. 1975-ல் அமெரிக்காவில் கோடாக் நிறுவனத்தின் இன்ஜினீயர் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவின் எடை மூன்றரை கிலோவுக்கு மேல். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி. 1995-ல் கேஸியோ நிறுவனம் பின்பக்கம் சின்னத் திரையோடு ஒரு கேமரா கொண்டுவந்தது. எடுத்ததை உடனே பார்க்கும் பழக்கம் வீடுகளுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். 2010-ல் ஜப்பானிய நிறுவனங்கள் உலகச் சந்தைக்கு அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல். இப்போது சில வருடங்களாக அது ஒரு கோடியைக்கூடத் தொடுவதில்லை. மிச்சம் 11 கோடியை ஃபோன் விழுங்கிவிட்டது.

மறுநாள் காலை தெரிந்த ஆட்டோக்காரர் தம்பி வந்தார். லாட்ஜ் ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்ததும் மூன்று கேமராக்களின் லென்ஸும் ஆவி பிடித்தது போல மங்கிவிட்டன. கடலோர ஊர்களில் இது வழக்கம்தான். துடைக்கக் கூடாது. பைக்குள் வைத்து ஒரு டீ குடிக்கும் நேரம் விட்டால் தானே தெளிந்துவிடும். குடித்தோம், தெளிந்தது.

ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை சுமார் 20 கிலோமீட்டர். 2009-ல் அத்தான் போனபோது பாதி வழிக்குத்தான் ரோடு. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து வேனில் மணலிலும் கடல்நீரிலும் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். அந்தப் பயணத்தில் அவர் எடுத்த ஒன்பது படங்களும் ஆட்டம் கண்டவை. வேனின் மேல்கம்பி, யாரோ ஒருவரின் முழங்கை, சாய்ந்த கடல். அக்காவுக்கு அந்த ஒன்பதும்தான் ரொம்பப் பிடித்தவை. 2017-ல் முனை வரைக்கும் தார் ரோடு வந்துவிட்டது. இப்போது நேர்கோடாக, இரண்டு பக்கமும் கடல் தெரிய, வழுக்கிக்கொண்டு போகிறது வண்டி. வசதிதான். ஆனால், அந்த ஒன்பது படங்களை இனி யாராலும் எடுக்க முடியாது.

“இங்கிட்டு இருக்கறது ஆண் கடல், அங்கிட்டு பெண் கடல்” என்று கை காட்டினார் ஆட்டோக்காரர். வலப்பக்கம் மன்னார் வளைகுடா சுவரில் மோதிச் சீறிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் வங்கக் கடல் குளம் மாதிரி கிடந்தது. “எப்பவும் இப்படின்னு நெனைக்காதீங்க. காத்து மாறுச்சுன்னா குணமும் மாறும். ஆறு மாசம் அவருக்கு, ஆறு மாசம் இந்தம்மாவுக்கு.”

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் தனுஷ்கோடியில் மணல் எம்மாத்திரம்? ரோட்டுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு வெள்ளைப் புகை மாதிரி மணல் ஓடிக்கொண்டே இருந்தது. சில இடங்களில் தார் தெரியவில்லை. இறங்கி நின்றால் கெண்டைக்காலில் ஊசி குத்துகிறது. கேமராக்காரர்களுக்கு இதைவிட மோசமான காற்று கிடையாது.

காரணம் சொல்கிறேன். இந்தச் சின்னக் கேமராக்களில் லென்ஸ் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய குழாய்கள். பட்டனைத் தட்டினால் ‘விர்ர்’ என்று மூக்கை நீட்டும், அணைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். குழாய்களுக்கு நடுவே மயிரிழை இடைவெளிதான். அதில் நாலு மணல்துகள் போய் உட்கார்ந்தால் போதும், நீட்டிய மூக்கு நீட்டியபடி நின்றுவிடும். திரையில் ‘லென்ஸ் எரர்’ என்று வரும். பழைய கேமரா வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அதைத் தூக்கிப் போட்டது இந்த இரண்டு வார்த்தைக்குப் பிறகுதான்.

அரிச்சல்முனையில், ரோடு முடிந்து வட்டமடிக்கும் இடத்தில், அதைக் கண்ணெதிரே பார்த்தோம். விருதுநகர்ப் பக்கமிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மனைவியை அசோகத் தூண் அருகே நிற்கவைத்து எடுத்துக்கொண்டிருந்தார். அவருடையதும் எங்கள் கேமராக்களின் ஒன்றுவிட்ட சகோதரன். இரண்டாவது படத்தில் ‘கர்ர், கர்ர்’ என்று முனகி நின்றுவிட்டது. அவர் லென்ஸைப் பிடித்து அமுக்கப் போனார்.

“சார், அமுக்காதீங்க!” என்று ஓடினாள் அக்கா மகள். ஒரு டாக்டர் தோரணையில் கேமராவை வாங்கி ஆட்டோவுக்குள் கொண்டுபோனாள். காற்று மறைவில் பேட்டரியைக் கழற்றினாள். லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி, மென்மையான பிரஷ்ஷால் குழாயைச் சுற்றி ஓட்டினாள். கையால் அமுக்கும் ரப்பர் பந்து ஒன்று வைத்திருந்தாள். அதால் ஊதினாள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் ஒட்டிக்கொள்ளுமாம். பிறகு, நன்றாக சார்ஜ் ஏறிய பேட்டரியைப் போட்டாள். மூக்கு முனகிக்கொண்டே உள்ளே போய்விட்டது. மறுபடி வெளியே வரவில்லை.

ஆசிரியர் அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். “ரிப்பேர் கடையில கேட்டா, இதோட விலையைவிட அதிகமா சொல்வான். 14 வருஷம் உழைச்சிருச்சு. என் பொண்ணு கல்யாணத்துல மண்டபத்துப் போட்டோகிராபர் எடுத்ததைவிட இதுல எடுத்ததுதான் நல்லாருந்துச்சு” என்றார். அவர் மனைவி, “நீங்கதான் அந்தப் படத்துல ஒண்ணுலயும் இல்ல” என்றார். அக்கா என்னைப் பார்த்தாள்.

எங்கள் மூன்றும் தப்பித்ததற்குக் காரணம் உண்டு. அக்கா மகளின் கேமராவில் லென்ஸ் வெளியே வராது. மூடியைக் கீழே நகர்த்தினால் மூலையில் ஒரு சின்னக் கண். வெளிச்சம் உள்ளே போய் ஒரு பட்டகத்தில் பட்டுச் செங்குத்தாகத் திரும்பி, கேமராவின் உடம்புக்குள்ளேயே கீழிறங்கும். மணலுக்கு வழியே இல்லை. அதன் குறை வேறு. கண் மூலையில் இருப்பதால் பிடிக்கும் விரல் அடிக்கடி படத்தில் வந்துவிடும். என்னுடையதைப் பாலித்தீன் பைக்குள் போட்டு, லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தேன். பார்க்கப் பொட்டலம் மாதிரி இருக்கும். அக்காவுக்கு ஒரு விதிதான் சொன்னோம். காற்றுக்கு முதுகு காட்டி, முந்தானை மறைவில் ஆன் செய்து, எடுத்ததும் உடனே அணைத்துவிட வேண்டும். கடற்கரையில் பேட்டரி மூடியைத் திறக்கவே கூடாது.

ஆனால், அந்த பேட்டரி இருக்கிறதே! அத்தான் கேமரா, சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் அதே பென்சில் செல்லில் ஓடுவது. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் என்பதுதான் அன்று அதன் பெருமை. கடிகாரத்துக்குப் போடும் சாதா செல் போட்டால் நாலைந்து படத்தில் மூச்சு நின்றுவிடும் என்பது வாங்கிய பிறகு தெரியும் ரகசியம். ரீசார்ஜ் செய்யும் செல் போட்டால் நூற்றுக்கணக்கில் எடுக்கலாம். இன்னொரு வியாதியும் அதற்கு உண்டு. உள்ளே நேரம் காட்டுவதற்கென்று இருக்கும் குட்டி பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. அதனால் செல் மாற்றும் ஒவ்வொரு தடவையும் கேமராவின் தேதி 2005 ஜனவரி 1-க்குப் போய்விடும். படத்தின் மூலையில் ஆரஞ்சு எழுத்தில் அதுவே விழும். சரிசெய்யட்டுமா என்று மகள் கேட்டதற்கு, “இருக்கட்டும். நீ பொறந்த வருஷம்தானே” என்றாள் அக்கா.

வெயில் ஏறியதும் இன்னொரு சிக்கல். உச்சிவெயிலில் திரையில் ஒன்றுமே தெரியவில்லை. என் கேமராவில் நான் குத்துமதிப்பாகத்தான் எடுத்தேன். அக்காவின் கேமராவில் மட்டும் கண் வைத்துப் பார்க்கும் சின்னத் துளை உண்டு. பழைய ஃபிலிம் கேமராக்களின் மிச்சம் அது. அக்கா ஒரு கண்ணை மூடிக்கொண்டு துளைக்குள் பார்த்து நிதானமாக எடுத்தாள். அந்தத் துளையில் ஒரு தமாஷ் உண்டு. அது காட்டுவதைவிடப் படத்தில் கொஞ்சம் அதிகமாகவே விழும். நாம் ஒதுக்கியதாக நினைத்த ஆள் ஓரத்தில் வந்து நிற்பார்.

வெள்ளை மணல் இந்தக் கேமராக்களை ஏமாற்றும் என்பதையும் சொல்லவேண்டும். ‘இவ்வளவு வெளிச்சமா!’ என்று பயந்து எல்லாவற்றையும் மங்கலாக்கிவிடும். மணல் சாம்பல் நிறத்தில், முகம் கருத்துப்போய் வரும். பிளஸ்–மைனஸ் குறி போட்ட பட்டனில் பிளஸ் பக்கம் ஒன்று தள்ளினால் மணல் வெள்ளையாகும். அல்லது பீச் படம் போட்ட அமைப்பைத் தேர்ந்தெடுக்கலாம். 2009 படங்கள் அத்தனையிலும் மணல் சாம்பல்தான். அத்தான் அந்தப் பட்டனைத் தொட்டதே இல்லை போலிருக்கிறது. அக்காவும் தொடவில்லை. “அதே மாதிரி வரட்டும்” என்றாள்.

அந்த தேவாலயத்துக்கு வந்தோம். பவளப்பாறைக் கற்களால் கட்டிய சுவர்கள். கூரை இல்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் கடல் உயிரினத்தின் பூப்பூவான வடிவம். ஒரு காலத்தில் சென்னையிலிருந்து வரும் போட் மெயில் தனுஷ்கோடியில் நிற்க, பயணிகள் இறங்கி கப்பல் ஏறித் தலைமன்னார் போய், அங்கே மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போவார்கள். ஸ்டேஷன், போஸ்ட் ஆபீஸ், சுங்க அலுவலகம் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 இரவு புயலில் கடல் ஊருக்குள் ஏறியது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலையும் அதிலிருந்தவர்களோடு கொண்டுபோனது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. ஆனாலும், மீனவர்கள் திரும்பி வந்து குடிசை போட்டுக்கொண்டார்கள்.

ஃபோனில் அத்தானின் படத்தை வைத்துக்கொண்டு அவர் நின்ற இடத்தைத் தேடினோம். ஜன்னல் வளைவு ஒன்றை அடையாளம் வைத்து முன்னும் பின்னும் நகர்ந்தோம். படத்தில் இருந்த சுவர் விளிம்பு இப்போது மழுங்கித் தேய்ந்திருந்தது. அன்று யாருமே இல்லாத முற்றத்தில் இன்று இருபது பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் வளைவு அதே வளைவு. அத்தான் இருக்கும் அந்த ஒற்றைப் படம் எடுத்த இடம் இதுதான். வேன் பானெட்டில் கேமராவை வைத்து, பத்து விநாடி டைமர் போட்டு ஓடி வந்திருக்கிறார். படம் சாய்ந்திருக்கிறது. அக்காவும் இரண்டு பிள்ளைகளும் நேராகப் பார்க்க, அவர் இன்னும் திரும்பி முடிக்காமல், முடி பறக்க, ஒரு பக்கமாகச் சிரிக்கிறார்.

நான் எடுத்துத் தருகிறேன் என்றேன். அக்கா வேண்டாம் என்று தலையாட்டினாள். இடிந்த சுவர்த் திட்டில் கேமராவை வைத்து, கீழே தன் செருப்பு ஒன்றை முட்டுக்கொடுத்தாள். டைமரை அழுத்திவிட்டு ஒற்றைச் செருப்போடு சுடுமணலில் ஓடி வந்து மகள் பக்கத்தில் நின்றாள். முதல் தடவை காற்று கேமராவைத் திருப்பிவிட்டது. இரண்டாம் தடவை சரியாக வந்தது. 60 வயதில் அக்கா ஓடி நான் அன்றுதான் பார்த்தேன்.

வெயில் தாங்காமல் ரோட்டோரக் கீற்றுக்கொட்டகை ஒன்றில் ஒதுங்கினோம். மீன் பொரித்து விற்கிற கடை. பக்கத்திலேயே சங்கு, சிப்பி, பாசிமாலை. கடைக்கார ஆத்தா எங்கள் கேமராக்களைப் பார்த்துச் சிரித்தார்.

“இந்தக் கடைய, என்னய தெனம் நூறு பேரு எடுக்குறாக. போன்ல அனுப்புறேம்பாக. பேரன் நம்பரக்கூட எழுதிக் குடுப்பான். ஒருத்தரும் அனுப்புனதில்ல.”

உங்கள் ஊர் எது என்று அக்கா கேட்டாள்.

“இதேதான். புயலப்ப எனக்கு அஞ்சு வயசு. எங்காத்தா என்னயத் தூக்கிக்கிட்டு மணமேட்டுல ஏறிருச்சு. அப்பன் வரல.” மீனைத் திருப்பிப் போட்டார். “அப்பன் மொகம் எப்புடி இருக்கும்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது தாயி. ஒரு போட்டோ கெடையாது.”

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “உங்களை ஒண்ணு எடுத்துக்கட்டுமா? காயிதத்துல போட்டுத் தர்றேன்” என்றாள்.

ஆத்தா அடுப்பைத் தணித்துவிட்டு முகம் கழுவி, தலையை ஒதுக்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு வந்தார். கொட்டகைக்குள் நிழல். பின்னால் கண்ணைக் கூசும் கடல். அப்படியே எடுத்தால் ஆத்தா கறுப்பு உருவமாகத்தான் வருவார். மகள் கேமராவை வாங்கி, பகலிலும் ஃப்ளாஷ் அடிக்கும்படி அமைத்துக் கொடுத்தாள். அக்கா துளையில் கண் வைத்தாள். மின்னல் வெட்டியது. திரையைக் கையால் மறைத்துக் காட்டினாள். ஆத்தாவின் முகம் ஒவ்வொரு சுருக்கத்தோடும் தெளிவாக, பின்னால் கடல் நீலமாக. ஓரத்தில், துளையில் தெரியாத ஒரு பையன், பாதி உடம்போடு, தட்டைப் பிடித்துக்கொண்டு.

“அட, எம்பேரன்!” என்றார் ஆத்தா.

மாலை ஐந்து மணிக்கெல்லாம் எல்லாரையும் வெளியேறச் சொல்லிவிடுகிறார்கள். கோதண்டராமர் கோயிலைத் திரும்பும் வழியில் பார்த்தோம். அந்தப் புயலில் தப்பிய கோயில். சாய்வெயில் இறங்கியிருந்தது. அப்போதுதான் என் ஜூம் கேமரா தன் விலைக்கு வேலை செய்தது. நடுக்கடலில் ஒற்றை வள்ளம், அதில் நின்றபடி வலை இழுப்பவர். ஃபோனில் அது ஒரு புள்ளி. இதில் அவர் தலைப்பாகையின் கட்டம் தெரிகிறது.

ராமேஸ்வரத்தில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், பத்து நிமிடத்தில் பாஸ்போர்ட் சைஸ் என்று போர்டு வைத்த ஸ்டூடியோவுக்கு நேராகப் போனாள் அக்கா. கார்டைக் கொடுத்தாள். ஸ்டூடியோக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 2 ஜி.பி. கார்டு பார்த்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டதாம். அதைவிடப் பெரிய கார்டை அந்தக் கேமரா வாங்கிக்கொள்ளாது என்று மகள் விளக்கினாள். திரையில் படம் வந்ததும், “பழைய படமா மேடம்? 2005-ன்னு இருக்கே” என்று கேட்டார்.

“இன்னிக்கு எடுத்தது” என்றாள் அக்கா.

“தேதியை அழிச்சிடவா?”

அக்கா யோசித்தாள். தன் படத்தில் இருக்கட்டும், ஆத்தா படத்தில் அழித்துவிடச் சொன்னாள். அதுவும் சரிதான். நாளைக்குப் பேரன் வளர்ந்து கணக்குப் பார்த்தால் குழம்பிப் போவான்.

ஆத்தா படம் ஒன்று, தேவாலயத்தில் எடுத்தது ஒன்று, 2009-ல் எடுத்த அந்தச் சாய்ந்த படம் ஒன்று. மூன்று பிரின்ட்டுக்கு 60 ரூபாய். ஆத்தா படத்தை ஒரு பழைய கல்யாணப் பத்திரிகைக் கவரில் போட்டு ஆட்டோக்காரரிடம் கொடுத்தோம். நாளைக் காலை முதல் சவாரியில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

ஊர் திரும்பிய இரண்டாம் நாள் அவரிடமிருந்து ஃபோன். “சார், குடுத்துட்டேன். ஆத்தா கடையில மாட்டிருச்சு. இன்னொரு காப்பி வேணுமாம். பேரனோட அம்மா தங்கச்சிமடத்துல இருக்காங்கல்ல, அவங்களுக்கு. அதுல பேரன் முழுசா வர்ற மாதிரி போட முடியுமான்னு கேக்குது.”

முடியாது. பாதிப் பையன்தான் கார்டில் இருக்கிறான். காற்று மாறி, மணல் ஓட்டம் அடங்கிய பிறகு மறுபடி வந்து எடுப்பதாக அக்கா சொல்லச் சொன்னாள். புதிதாக எட்டு பென்சில் செல் வாங்கி வைத்திருக்கிறாள், ரீசார்ஜ் செய்யும் ரகம்.